சிறுநீர் அட்டையின் மூன்று கட்டங்கள்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குழந்தைகள் வார்டில் ஒரு நர்ஸ் எழுதிய பொய்யில். அந்த நர்ஸ் நான்தான். 'நான்' என்று போட்டு எழுத முகமில்லை. இனி 'அவள்'.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'புல்லுக்குள் சரசரவென்று ஒரு பாம்பு—'

வேண்டாம். பாம்பின் மேல் பழியைப் போட்டுவிட்டு நழுவப் பார்க்கிறேன்.

2

பாம்பு கடித்த ஆறு வயதுப் பெண்குழந்தை. விஷமுறிவு மருந்து ஏற்றியாகிவிட்டது, கால் வீக்கமும் வடிந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

(இந்த விஷம் சத்தமில்லாமல் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் குறைவதுதான் முதல் அடையாளம். அதனால் குழந்தை போகும் ஒவ்வொரு முறையும் அளந்து அட்டையில் எழுத வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான்.)

மத்தியானம் குழந்தையின் அம்மா வந்து நின்றாள். "சிஸ்டர், பாப்பா காலையிலேர்ந்து ஒண்ணுக்கே போகலை."

"தண்ணி குடுங்கம்மா, வந்துடும்."

அன்று முப்பது குழந்தைகளுக்கு இரண்டே நர்ஸ்கள். [இந்த வாக்கியத்தை நான்கு முறை அடித்து, நான்கு முறை திரும்பச் சேர்த்தேன். உண்மைதான். ஆனாலும் சாக்கு.] ஷிப்ட் முடியும்போது அட்டையில் மூன்று கட்டங்கள் காலி. அளக்காமலே 100, 120, 90 மில்லி என்று நிரப்பிவிட்டுப் போனாள். ஒரே எண்ணைப் போட்டால் சந்தேகம் வருமே! நம்பும்படி எழுத அவளுக்கு அன்றே கைவந்திருந்தது.

3

சாயங்காலம் வந்த டாக்டரிடமும் அம்மா சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவர் அட்டையைக் காட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்றாராம். அன்றைக்கே கண்டுபிடித்திருந்தால்—

மறுநாள் காலை அவள் டியூட்டிக்கு வந்தபோது குழந்தையின் முகம் ஊதிக் கிடந்தது. சிறுநீரகம் நின்றுவிட்டது, டயாலிசிஸுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள் என்றார்கள். கட்டிலோரம் நின்ற அம்மா அவளைப் பார்த்ததும் அழுதாள்.

"நான்தான் சரியா கவனிக்கலை போல சிஸ்டர். நீங்க எழுதியே வச்சிருக்கீங்க. பெத்தவளுக்கு இதுகூடத் தெரியலை பாருங்க."

அவள் வாயைத் திறந்தாள். 'அம்மா, அது—'

4

எழுதிப் பார்த்த ஒரு முடிவில் அவள் உண்மையைச் சொல்கிறாள், அம்மா அறைகிறாள். இன்னொன்றில் குழந்தை தேறிப் பள்ளிக்கூடம் போகிறது. இரண்டுமே நன்றாக வந்திருந்தன. அதுதான் பயமாக இருந்தது, கிழித்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான்: ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஆம்புலன்ஸ் வரை போனேன். வாயைத் திறக்கவில்லை. குழந்தை என்ன ஆனது என்று இன்றுவரை விசாரிக்கவுமில்லை. வெட்கம்கெட்டவள், கதை எழுதுகிறேன்.

முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாவை எங்காவது பார்த்தால் மட்டும் ஒன்று சொல்லுங்கள். அவள் சரியாகத்தான் கவனித்தாள். பாப்பா அன்று போகவேயில்லை.