தவக்காலத்து சூப்

போப்பாண்டவர் நாட்டிலிருந்து வந்த மனுஷன், கறியே தொடக்கூடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் பன்றிக்கறி கேட்டார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். காரியம் ஆக வேண்டியவளுக்குக் கண் எங்கே தெரிகிறது?

ஓசூரில் ஒரு கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸில் எனக்குச் சமையல் வேலை. என் வீட்டுக்காரர் ஆரோக்கியநாதன் அதே கம்பெனியில் தகடு அழுத்துகிற பிரஸ் மிஷின் ஓட்டினார். பொங்கல் முடிந்த மறுவாரம் அந்த மிஷின் அவர் வலது கையில் மூன்று விரலை எடுத்துக்கொண்டது. மிஷினைச் செய்து கொடுத்த இத்தாலிக்காரர்கள், கோளாறு அதிலா என்று பார்க்க பியரோ என்ற இன்ஜினியரை அனுப்பியிருந்தார்கள். அவர் எழுதுகிற ரிப்போர்ட்டில்தான் எங்கள் பிழைப்பு இருந்தது. தப்பு என் வீட்டுக்காரர்மேல் இல்லை என்றால் ஸ்டோர்ஸில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். அவர்மேல்தான் என்றால் வேலை போய்விடும். இருக்கிற இரண்டு விரலை வைத்துக்கொண்டு வேறு எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பது?

தப்பு யாருடையது என்று பிரஸ் ஷாப்பில் எல்லாருக்கும் தெரியும். அந்த மிஷினுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒருசேர அழுத்தினால்தான் மேல்கட்டை இறங்கும். கை இரண்டும் பட்டன்மேல் இருப்பதால் விரலுக்கு ஆபத்தில்லை. ஆனால் வேலை மெதுவாக நடக்கும். அதற்காக மேனேஜர் பாஸ்கரன் ஒரு பட்டனைக் கம்பி போட்டு அழுத்திக் கட்டச் சொல்லியிருந்தார். ஒரு கை பட்டனுக்கு, ஒரு கை தகடு வைக்க. விபத்து நடந்த அன்று ரத்தத்தைக் கழுவுவதற்கு முன்னாலேயே கம்பியைக் கழற்றிவிட்டார்கள்.

"கம்பி அழுத்தின தடம் பட்டன்ல அப்படியே இருக்குது மேரி. அந்த மனுசன் கண்ணுல படாமயா போவும்? பார்த்ததை எழுதினாப் போதும்" என்று என் வீட்டுக்காரர் நாளைக்கு நாலு தடவை சொல்லுவார்.

பத்து நாளாக என் குழம்பைத் தொட்டும் தொடாமலும் எழுந்துபோன பியரோ, ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மதியத்துக்குத் தன் அம்மா வைக்கிற சூப் வேண்டும் என்றாராம். சாசேஜ், வெள்ளை பீன்ஸ், ஏதோ ஒரு கீரை. கீரையைத் தாளில் படமாகவே வரைந்து கொடுத்திருந்தார். டிரைவர் சென்னப்பன் பெங்களூர் போய்ப் பன்றி சாசேஜும் உலர்ந்த பீன்ஸும் வாங்கி வந்தான். கீரை கிடைக்கவில்லை. படத்தைப் பார்த்தால் கோஸுக்குத் தம்பி மாதிரி இருந்தது. மார்க்கெட்டில் முனிலட்சுமியிடம் நூல்கோலை விட்டுவிட்டு அதன் இலையை மட்டும் கேட்டேன்.

"மாட்டுக்கா?" என்றாள்.

"இல்லக்கா, வெள்ளைக்காரருக்கு."

"யாருக்கோ, எடுத்துக்கினு போ" என்று ஒரு கட்டு சும்மாவே கொடுத்தாள்.

இரவே பீன்ஸை ஊறவைத்துக் காலையில் குக்கரில் குழைய வேகவைத்தேன். சாசேஜை வில்லை வில்லையாக நறுக்கி, அது விட்ட கொழுப்பிலேயே வதக்கினேன். வெங்காயம், பூண்டு, தக்காளி. மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் போன கையை இழுத்துக்கொண்டு மிளகோடு நிறுத்தினேன். ஒரு கரண்டி பீன்ஸை மசித்து விட்டதும் சூப் கெட்டிப்பட்டது. நரம்பு கிள்ளிய இலையைக் கடைசியில் போட்டேன்.

உப்பில்தான் மாட்டிக்கொண்டேன். ஆட்டுக்கறிக்கு என் கைக்கு அளவு தெரியும். உப்புப் போட்டே அடைத்து வருகிற சாசேஜுக்குத் தெரியாது. ருசி பார்க்கலாமென்றால், வீட்டுக்காரருக்கு வேலை நிலைக்க வேண்டுமென்று நாற்பது நாளும் சுத்தபோசனம் இருப்பதாக மாதாவுக்கு நேர்ந்திருந்தேன். சாம்பல் புதனிலிருந்து முட்டைகூடத் தொடவில்லை. வேறு யாரைக் கேட்பது? வாசலில் இருந்தது வாட்ச்மேன் நூர் முகமது. அவரிடம் போய்ப் பன்றிக்கறிக்கு உப்புப் பார்க்கச் சொல்ல முடியுமா?

சூப் கெட்டால் எல்லாம் கெட்டது என்றுதான் அப்போது நினைத்தேன். சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கரண்டி குடித்தேன். உப்புக் குறைவு. ஒரு சிட்டிகை போட்டு இன்னொரு கரண்டி குடித்தேன். ருசியாக இருந்தது. என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

பியரோ முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சைத் தொட்டு "மம்மா" என்றார். கழுத்தில் சின்னச் சிலுவை தொங்கியது. நம்ம வேதக்காரர் என்று எனக்குத் தைரியம் வந்தது. எதிரே பாஸ்கரன் உட்கார்ந்திருந்தார். இங்கிலீஷுக்கு அவரை விட்டால் ஆளில்லை.

"சார், எங்க வீட்டுக்காரர் விசயம் ஒரு வார்த்தை கேளுங்க. பட்டனை நல்லாப் பார்த்தாரான்னு மட்டும் கேளுங்க."

பாஸ்கரன் நீளமாக ஏதோ சொன்னார். பியரோ வாய்விட்டுச் சிரித்தார்.

"கேட்டுட்டேன் அருள்மேரி. பார்த்துக்கறேன்னாரு. நீ போய் ரொட்டி கொண்டா."

மூன்று விரல் போன கதையைக் கேட்டு யாராவது சிரிப்பார்களா? நான் போகவில்லை. என் வலது கையைத் தூக்கி மூன்று விரலை மடக்கிக் காட்டினேன். "மை ஹஸ்பெண்ட்" என்றேன். மேஜைமேல் ஒரு பட்டனை அழுத்துவதுபோல் அழுத்தி, அதைச் சுற்றிக் கம்பி கட்டுவதுபோல் காட்டினேன்.

பியரோவின் சிரிப்பு நின்றது. புரிந்துவிட்டது. புரிந்தது மட்டுமில்லை, தடத்தை அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். அது முகத்திலேயே தெரிந்தது. அவர் பாஸ்கரனைப் பார்த்தார். பாஸ்கரன் தண்ணீர் குடித்தார்.

பிறகு பியரோ கரண்டியை எடுத்துக் குனிந்து சாப்பிடத் தொடங்கினார். "குட் சூப்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். எங்கள் கம்பெனி இத்தாலிக்காரர்களிடமே இன்னும் ஆறு மிஷினுக்கு ஆர்டர் கொடுக்கப்போகிறது என்று இவர்கள் இரண்டு பேரும் வண்டியில் பேசிக்கொண்டதாகச் சென்னப்பன் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரொட்டியால் தட்டைச் சுத்தமாகத் துடைத்துத் தின்றுவிட்டுத்தான் அவர் எழுந்தார்.

சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது என் வீட்டுக்காரர் சட்டை மாற்றிக்கொண்டு தயாராக நின்றார். இடது கையாலேயே பொத்தான் போட்டிருந்தார். ஒன்று ஏறுமாறாக இருந்தது.

"என்னா மேரி, கேட்டியா? பட்டனைப் பார்த்தாராமா?"

பொய் சொல்லத்தான் நினைத்திருந்தேன். வாயில் உண்மைதான் வந்தது. "பார்த்திருக்காருங்க."

"நான் சொல்லலை?" அவர் முகம் இரண்டு மாதத்துக்குப் பிறகு மலர்ந்தது. மிச்சமிருந்த இரண்டு விரலால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "நீ சுத்தபோசனம் இருந்தது வீண் போவல மேரி. கிளம்பு, கோயில்ல சிலுவைப்பாதைக்கு நேரமாச்சு."