போயிட்டு வாங்க

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு வருகைப் பதிவு குறைந்துபோனது. அபராதம் கட்டு, இல்லாவிட்டால் கல்லூரி மலருக்கு ஒரு கதை எழுதிக் கொடு என்றார் துறைத் தலைவர்.

"தன்னம்பிக்கையா இருக்கணும் தம்பி. கீழேருந்து ஒருத்தன் மேல வரணும். அவ்வளவுதான்."

"எவ்வளவு மேல சார்?"

"நாலு பக்கத்துக்கு எவ்வளவு வர முடியுமோ அவ்வளவு."

எங்கள் வகுப்பறை ஜன்னலுக்குப் பின்னால் தீயணைப்பு நிலையம். வண்டி சங்கூதிக்கொண்டு கிளம்பும்போது பேராசிரியரின் வாய் அசைவது மட்டும் தெரியும். பாடம் எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது அந்த நேரங்களில்தான். (இந்த வாக்கியத்தை மலர்க் குழு வெட்டிவிடும். நீங்கள் படித்தாயிற்று, அது போதும்.) ஆகவே, மேலே வர வேண்டியவர் ஒரு தீயணைப்புக்காரர் என்று முடிவு செய்தேன். அங்கே ஏணியும் தயாராக இருக்கிறது.

2

முதல் தொடக்கம்:

தீயின் செந்நாக்குகள் வானத்தை நக்கிக்கொண்டிருந்தபோது, அஞ்சா நெஞ்சன் ஒருவன்—

நிறுத்திவிட்டேன். உள்ளே போய் வந்தவர்களைக் கேட்டால், நாக்கும் தெரியாது வாயும் தெரியாது, வெறும் புகைதான் என்கிறார்கள்.

இரண்டாம் தொடக்கம்:

சிறு வயதிலேயே அவனுக்கு நெருப்பென்றால்—

இதுவும் வேண்டாம். சிறு வயதில் ஆரம்பித்தால், ஆளை வேலையில் சேர்ப்பதற்குள் நாலு பக்கமும் தீர்ந்துவிடும்.

மூன்றாவது தொடக்கம் அலங்காரம் ஏதுமில்லாமல் வந்தது. எழுதி எழுதி எனக்கு அலுத்துப்போயிருந்ததும் ஒரு காரணம்:

அவர் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினார்.

இது நிற்கட்டும்.

3

அவர் ஒரு குழுத் தலைவர். ஒரு வண்டி, ஒரு குழாய், பின்னால் நாலைந்து பேர். 'முன்னாடி' என்பது அவருடைய பட்டப்பெயர். பின்னாடிதான் அப்படிக் கூப்பிடுவார்கள்.

பெயர் வந்த விதம் இது. புகைக்குள் கண் பிரயோசனப்படாது. குழாயைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முதலில் நுழைய வேண்டும், மற்றவர்கள் அதே குழாயைத் தடவிக்கொண்டு பின்தொடர வேண்டும். முதலில் நுழைவது எப்போதும் இவர்தான். வாசலில் குனிந்து, முகமூடியைச் சரிசெய்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஒரு வார்த்தை சொல்வார்: "வாங்க." வேலையில் சேர்ந்ததிலிருந்து அவர் கொடுத்த கட்டளை அநேகமாக அது ஒன்றுதான். 'போங்க' என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. தான் போனால் பின்னால் வருவார்கள்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: 'வா', 'போ' இரண்டும் ஓரெழுத்து ஒருமொழி என்று இலக்கண வகுப்பில் சொன்னார்கள். சொல்வதற்கு ஆகும் சிரமமும் ஒன்றேதான் என்று நானும் அப்போது நம்பினேன்.)

இனி இவரை மேலே கொண்டுவர வேண்டும். இங்கேதான் எனக்கு ஆள்மேல் சந்தேகம் வந்தது. மேலே வர இவருக்கு ஏன் ஆசை? லட்சியம் என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. கடைசியில் அவருடைய மனைவியிடம் விட்டுவிட்டேன்.

"ஏங்க, படியில எறங்கறப்ப கைப்பிடியப் பிடிக்கிறீங்க. இருமினா கறுப்பா வருது. இன்னும் எத்தன நாளைக்கு?"

"பாப்போம்."

"என்னத்தப் பாக்கறது. அந்தப் பரீட்சைய எழுதித் தொலைங்களேன். நாற்காலியில உக்காந்து வேல பாக்கறவனும் மனுஷன்தான்."

எழுதினார், தேறினார். பொறுப்புக் கோட்ட அதிகாரி ஆக்கினார்கள். 'பொறுப்பு' என்றால் வேலை முழுசு, பதவி அரைகுறை என்று அர்த்தம். சில மாதம் பார்த்துவிட்டு, நேர்காணல் வைத்து, உறுதி செய்வார்கள். எழுச்சியூட்டச் சொன்ன கதையில் ஒருவர் முழங்கால் வலியால் உயர்கிறார் என்பதைத் துறைத் தலைவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

அவர் விட்ட இடத்துக்கு, குழாயின் முனைக்கு, வந்தவன் அவருடைய மச்சினன். மனைவியின் ஒரே தம்பி. இவரைப் பார்த்துத்தான் அவன் வேலைக்கே சேர்ந்தான்.

4

கோட்ட அதிகாரி உள்ளே போகக் கூடாது. வெளியே நின்று மொத்தத்தையும் பார்க்க வேண்டும், வாக்கி டாக்கியில் சொல்ல வேண்டும். கூரை எப்படி, காற்று எந்தப் பக்கம், யார் எங்கே, யாரை எப்போது வெளியே எடுப்பது. எல்லாம் வாயால் செய்கிற வேலை.

அவருக்கோ வாக்கி டாக்கி ஒத்துவரவில்லை. பொத்தானை அமுக்க வேண்டும், ஒரு மூச்சு விட வேண்டும், பிறகுதான் பேச வேண்டும். அமுக்கும்போதே பேசினால் முதல் வார்த்தையைக் கருவி தின்றுவிடும். எதையும் நேரில் கத்தியே பழகியவர், அந்த ஒரு மூச்சுக்குக் காத்திருக்க மாட்டார்.

கட்டுப்பாட்டு அறையில் உட்காரும் அக்கா ஒருநாள் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க சொல்றதுல பாதிதான் வருது."

"மீதிப் பாதியும் அதே மாதிரிதாம்மா இருக்கும்."

"சிரிப்பு வேற. பயிற்சியில யாரோ டீ வேணுமான்னு கேட்டாங்கன்னு 'டீ வேண்டாம்'னு சொன்னீங்க. இங்க 'வேண்டாம்'னு மட்டும்தான் கேட்டுச்சு. ஆம்புலன்ஸத் திருப்பி அனுப்பிட்டோம்."

அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள் மூச்சு விட்டுப் பேசினார். அப்புறம் மறந்துபோனது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லியாக வேண்டும். அவர் வீட்டில் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் படி இறங்க முடியாது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். புருஷன், தம்பி இரண்டு பேருமே நெருப்புக்குள் வேலை பார்க்கிற வீடு என்பதால், அவர் மனைவிக்கு இதில் கொஞ்சம் கண்டிப்பு அதிகம். மச்சினன் ஒருநாள் வாசலில் நின்று "வரேன்க்கா"வை விட்டுவிட்டு, "போறேன்" என்று மட்டும் சொன்னதற்கு, திரும்பி உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி கிளம்ப வேண்டியதாயிற்று.

5

பிற்பகல். நுரை மெத்தை செய்கிற கிடங்கு. கீழே தையல் எந்திரங்கள், மேல்தளம் முழுக்க அடுக்கிய மெத்தைகள். காவலாளி மத்தியானத்தில் மேலே ஏறிப் படுப்பது வழக்கம் என்றார் முதலாளி. இன்றைக்குப் படுத்தானா என்றால், அவருக்குத் தெரியவில்லை.

மச்சினனின் குழு உள்ளே இருந்தது. இவர் வண்டிக்குப் பக்கத்தில், வாழ்க்கையில் முதல்முறையாக, வெளியே. முகத்தில் வெயில் அடித்தது. கை சும்மா இருந்தது அவருக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது.

வாக்கி டாக்கியில் மச்சினன் குரல் வந்தது.

"படிக்கட்டுக்கு வந்துட்டோம். மேல ஏறவா, வெளிய வந்துடவா?"

மேல் ஜன்னலில் புகை பழுப்பாகி, அடைத்துக்கொண்டு வந்தது. மேலே ஒரு ஆள் இருக்கலாம். அனுப்புவது என்று அவர் முடிவு செய்தார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: முடிவு செய்தார். 'போங்க' தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் உள்ளே நிற்பவன் அவளுடைய தம்பி. மொட்டையாக அந்த வார்த்தையை அவனிடம் சொல்ல வாய் கூசியது. வீட்டு வாசல் பழக்கம் முந்திக்கொண்டது. பொத்தானை அமுக்கினார், அமுக்கும்போதே சொன்னார்:

"போயிட்டு வாங்க."

உள்ளே கேட்டது: "வாங்க."

அவர்கள் வெளியே வந்தார்கள். மச்சினன் முதலில், மற்றவர்கள் பின்னால், குழாயைத் தடவிக்கொண்டு. 'இவனுங்க எதுக்கு வரானுங்க' என்று திட்டுவதற்கு அவர் வாயைத் திறந்தபோது, அவர்களுக்குப் பின்னால் மேல்தளம் படிக்கட்டையும் சேர்த்துக்கொண்டு கீழே இறங்கியது.

அப்புறம் எதிர்க்கடையிலிருந்து பல் குத்திக்கொண்டே காவலாளி வந்தான்.

"என்னங்க ஆச்சு?"

[இங்கே காவலாளியை மேலேயே வைத்துக் கொன்றுவிடலாமா என்று யோசித்தேன். கதைக்குக் கனம் கிடைக்கும். ஆனால் பிணம் விழுந்தால் தப்பு எல்லோருக்கும் தெரிந்துவிடும், விசாரணை வரும், அவருக்கும் ஒரு வழி பிறந்துவிடும். அவ்வளவு சுலபமாக அவரை விட எனக்கு மனம் வரவில்லை.]

6

தீயணைப்புத் துறை இயக்குநர் நேரிலேயே வந்து முதுகில் தட்டினார்.

"மேல்தளம் தாங்காதுன்னு வெளிய நின்னுக்கிட்டே எப்படிய்யா கணிச்ச?"

"அது சும்மா சார்..."

அது அடக்கம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. பின்வாங்கச் சொல்லத் தெரிந்தவன்தான் தலைவன் என்று இயக்குநர் எல்லோர் முன்னிலையிலும் பேசினார். நேர்காணல் இனி வெறும் சடங்குதான் என்று அலுவலகத்தில் சொல்லிக்கொண்டார்கள்.

வீட்டில் அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் மனைவி தானாகவே வந்து, கீழே உட்கார்ந்து, அவருடைய முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். வழக்கமாக அவர்தான் கேட்க வேண்டும்.

"என் தம்பி உங்க கையில இருக்கான்னா எனக்குக் கவலை இல்ல."

போதும் என்று காலை இழுத்துக்கொண்டார்.

7

குழாய்களைக் கழுவிக் காயப்போடும் முற்றம். கோட்ட அதிகாரிக்கு அங்கே வேலை கிடையாது. இருந்தாலும் வந்து ஒரு குழாயின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன மாமா, நாற்காலி கடிக்குதா?"

"வேலையப் பாருடா."

"பூட்ஸ் பளபளக்குது. சேத்துல வெச்சிடாதீங்க, பாவம்." மச்சினன் குழாயை உதறினான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "மாமா, ஒண்ணு கேக்கவா?"

"ம்."

"அன்னைக்கு 'வாங்க'ன்னு சொன்னீங்கல்ல. அதுக்கு முன்ன ஏதோ கரகரன்னுச்சு. ஏதாவது சொன்னீங்களா?"

குழாயின் பித்தளை முனையில் ஒட்டியிருந்த மண்ணை அவர் நகத்தால் சுரண்டினார்.

"இரைச்சல்டா."

"அதத்தான் நானும் பசங்ககிட்ட சொன்னேன். மாமா வாங்கன்னா வாங்கதான்னு." அவன் சிரித்தான். "நெசமாச் சொல்றேன் மாமா, உங்களுக்குப் பின்னாடி உள்ள வந்தப்பகூட எனக்குக் கொஞ்சம் உதறும். இப்ப நீங்க வெளிய நிக்கறீங்கன்னா சுத்தமா பயமில்ல. நீங்க ஏறுன்னா கண்ண மூடிட்டு ஏறிடுவேன்."

இந்த இடத்தில் அவர் என்ன நினைத்தார் என்று ஒரு பத்தி எழுதி—

அடித்துவிட்டேன். நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதியது அதைவிட மட்டமாக இருந்தது.

8

முடிவுகள் மூன்று கைவசம் இருக்கின்றன.

முதலாவது: நேர்காணலில் உண்மையைச் சொல்கிறார். குழு திகைக்கிறது, நேர்மையை மெச்சுகிறது, புது வாக்கி டாக்கி வாங்க ஒரு துணைக்குழு அமைக்கிறது. அவரைப் பொருட்கள் பிரிவுக்கு மாற்றுகிறார்கள். வீட்டில் மனைவி, "அவன மேல ஏறச் சொன்னீங்களா?" என்று ஒருமுறை கேட்கிறாள். அப்புறம் சாப்பிடக் கூப்பிடுவதைத் தவிர வேறு பேச்சில்லை.

இரண்டாவது: சொல்லவில்லை. பதவி உறுதியாகிறது. பாதுகாப்பு வாரத்துக்கு எங்கள் கல்லூரிக்கு வந்து, முடிவெடுக்கும் திறன் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறார். நாங்கள் தூங்குகிறோம். துறைத் தலைவர் கேட்ட கதை இதுதான். நாலு பக்கத்தில் அழகாக அடங்கும்.

மூன்றாவது: பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பழைய குழாய் முனைக்கே போகிறார். வாசலில் குனிந்து, "வாங்க." எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது, கண்கூடக் கலங்கியது. அப்புறம்தான் யோசித்தேன். அப்போதும் வெளியே யாராவது ஒருவர் நின்றுதானே ஆக வேண்டும். அவர் மூச்சு விட்டுப் பேசுவார் என்பதற்கு என்ன நிச்சயம்? முழங்காலும் இதற்குச் சம்மதிக்கவில்லை.

9

கதையைத் துறைத் தலைவரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"ஏன்ப்பா, ஆள் மேல வந்தானா இல்லையா?"

"வாசல் வரைக்கும் வந்துட்டார் சார்."

உண்மைதான். இப்போது உள்ளேயும் போய்விட்டார். நீளமான மேசை. எதிரே மூன்று பேர், நடுவில் இயக்குநர். ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர், அதை அவர் தொடவில்லை. இஸ்திரி போட்ட சட்டை கழுத்தில் உறுத்துகிறது. பாராட்டு, குடும்பம், உடல்நிலை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, ஒரு மரியாதைக்காகத்தான் இயக்குநர் கடைசிக் கேள்வியைக் கேட்கிறார்:

"அன்னைக்கு அவங்கள வெளிய வரச் சொன்னீங்களே, அந்த முடிவ எப்படி எடுத்தீங்க?"

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. சோர்ந்துவிட்டேன். அவர் என்னைவிடச் சோர்ந்திருக்கிறார். பேனாவை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். உண்மையைச் சொல்ல வையுங்கள், பொய்யைச் சொல்ல வையுங்கள், தண்ணீரைக் குடிக்க வைத்து நேரம் கடத்துங்கள். எது எழுதினாலும் இலக்கணப் பிழை இல்லை.

அவசரமில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் மச்சினனுக்கு இன்று பகல் வேலை. ஜன்னலுக்குப் பின்னால் வண்டி கிளம்புகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. அவன் உள்ளே போகும்போது வெளியே யாரை நிறுத்துவது என்று முடிவு செய்துகொண்டு எழுதுங்கள். யாரை நிறுத்தினாலும் அவன் நம்பிவிடுவான்.