தொழிற்சாலைக்குள் மாட்டுப் பாதை

எங்கள் அப்பா நிலத்தை விற்றபோது எனக்குப் பதினொரு வயது. முட்டைக்கோசும் தக்காளியும் விளைந்த நான்கு ஹெக்டேர். வாங்கியது மண்ணெண்ணெய் அடுப்பும் எனாமல் பாத்திரமும் செய்கிற ஒரு கம்பெனி. எங்கள் ஊரான சௌசாலில் முதலில் விற்றவர் அப்பாதான். அதற்குப் பிறகு ஐந்தே வருஷத்தில் ஏறக்குறைய எல்லோரும் விற்றுவிட்டார்கள். புவனோஸ் ஐரெஸிலிருந்து தெற்கே வரும் ரயில் அதுவரை எங்கள் ஊரில் நின்றதில்லை, பிறகு நிற்க ஆரம்பித்தது. செங்கல் சூளை வந்தது, தோல் பதனிடும் கொட்டகை வந்தது, வடக்கு மாகாணங்களிலிருந்து தகரப் பெட்டியும் பெண்டு பிள்ளைகளுமாக ஆட்கள் வந்தார்கள். விடியற்காலையில் சேவலுக்கு முன்னால் சங்கு ஊதியது.

விற்காத ஒரே ஆள் கிராசியானா அம்மாள், எங்கள் ஊர் மரியாதையில் டோனா கிராசியானா. புருஷன் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. முப்பத்திரண்டு மாடுகளை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பால் ஊற்றினாள். அவளுடைய தொழுவம் எங்கள் நிலத்துக்கு இந்தப் பக்கம், மேய்ச்சல் நிலம் அந்தப் பக்கம் ஓடைக் கரையில். காலையில் கறந்துவிட்டு எங்கள் நிலத்தின் நடுவே மாடுகளை ஓட்டிப் போவாள், சாயங்காலம் அதே வழியில் திரும்புவாள். அவள் மாமனாரும் என் தாத்தாவும் அதைப் பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். எட்டு மீட்டர் அகலம், என்றென்றைக்கும். அப்பா விற்கும்போது அதைச் சொன்னார். மாட்டுக்காரி எத்தனை நாளைக்கு ஓட்டுவாள் என்று கம்பெனிக்காரர்கள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள்.

மதில் கட்ட ஆரம்பித்த அன்று அவள் மாடுகளோடு வந்து நின்றாள். கொத்தனார்கள் கரண்டியைப் பிடித்தபடி பார்த்தார்கள்.

"என்னம்மா, சுத்திப் போகக் கூடாதா?" என்றான் மேஸ்திரி.

"நான் சுத்திப் போவேன்ப்பா. மாட்டுக்கு யாரு சொல்றது? நீ வேணா சொல்லிப் பாரு."

மாடுகள் ஈரச் சுவரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டன. மறுபடி கட்டினார்கள், மறுநாளும் தள்ளின. வழக்கு மாகாணத் தலைநகர் லா பிளாத்தா கோர்ட்டுக்குப் போய் இரண்டு வருஷம் நடந்தது. அந்த இரண்டு வருஷமும் ஒருநாள் விடாமல், மழையோ ஜுரமோ, அவள் மாடுகளை அந்த வழியாகவே ஓட்டினாள். கடைசியில் நீதிபதி, பாதை பாதைதான் என்று எழுதிவிட்டார். கம்பெனி மதிலில் இரண்டு பக்கமும் கதவு வைக்க வேண்டும், ஒரு நாளைக்கு இரண்டு முறை திறந்துவிட வேண்டும்.

அப்படித்தான் உலகத்தில் வேறெங்கும் இருக்குமோ இருக்காதோ, எங்கள் தொழிற்சாலையின் நடு முற்றத்தில், எனாமல் பிரிவுக்கும் தகடு வெட்டும் கொட்டகைக்கும் நடுவே, தினமும் மாடுகள் நடந்து போயின. கதவைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் பெர்மின், ஒரு காலத்தில் அவளிடமே மாடு கறந்தவன். கம்பெனிச் சட்டை போட்டிருந்தும் அவளைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றிவிடுவான்.

"காலை வணக்கம், முதலாளியம்மா."

"தொப்பியைப் போடுடா. உன் முதலாளி ஜன்னல்லேர்ந்து பாக்குறான்."

பதினாறு வயதில் நானும் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன், எனாமல் பிரிவில். என் மேஜை இருந்த இடத்தில்தான் எங்கள் தக்காளிப் பந்தல் இருந்தது என்று அப்பா சொல்வார். எனக்கு அதில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. தக்காளிக்குக் குனிந்து குனிந்து முதுகு போன அம்மாவைப் பார்த்து வளர்ந்தவள் நான். சம்பளக் கவர் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு பிடித்திருந்தது. டோனா கிராசியானாவைத்தான் பிடிக்கவில்லை. எங்கள் பிரிவுப் பெண்கள் எல்லோருக்குமே அவளைக் கண்டால் இளக்காரம். ஷிப்ட் மாறும் நேரத்தில் சரியாக மாடுகள் குறுக்கே வரும், புதுச் செருப்பில் சாணி ஒட்டும்.

"என்ன டோனா, மாட்டுக்கெல்லாம் அட்டெண்டன்ஸ் கார்டு வாங்கிட்டீங்களா?" என்று ஒருநாள் நான்தான் கத்தினேன். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் நிற்கவில்லை. "எதுக்குடி? என் மாடு சங்கு ஊதினா ஓடி வர்ற ஜாதி இல்ல," என்று சொல்லிக்கொண்டே போனாள். சிரிப்பு நின்றது. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

கம்பெனி என்னவெல்லாமோ செய்து பார்த்தது. மாடு வரும்போது லாரி ஹாரன் அடித்தார்கள், ஒரு வாரத்தில் மாடுகளுக்குப் பழகிவிட்டது. சுகாதார இன்ஸ்பெக்டரைக் கூட்டி வந்தார்கள். அவள் அவரைக் கையைப் பிடித்து ஓடைக்கு அழைத்துப் போய், எனாமல் கழுவின தண்ணீர் வெள்ளையாகப் போவதைக் காட்டி, "முதல்ல இத எழுதுங்க சார், அப்புறம் சாணிய எழுதலாம்," என்றாள். அவர் இரண்டையும் எழுதவில்லை. ஆனால் ஓடை கெட்டது கெட்டதுதான். கரைப் புல் கருகியது. கன்றுகள் செத்துப் பிறந்தன. முப்பத்திரண்டு மாடுகள் இருபது ஆயின, பிறகு பதினொன்று. பதினொன்றையும் அவள் அதே நேரத்துக்கு அதே வழியில்தான் ஓட்டினாள்.

நான் சேர்ந்து பதினொரு வருஷம் கழித்து, அந்த ஆகஸ்டில், எங்கள் பக்கத்துக் குளிர்காலத்தில், என் பக்கத்து மேஜை எர்சிலியா இருமி இருமி ரத்தம் துப்பினாள். எனாமல் பொடியை நாங்கள் சுவாசித்துக்கொண்டே இருந்தோம். கூரையில் காற்றை இழுக்கும் விசிறி வேண்டும் என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். எர்சிலியாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நானும் நாலு பேரும் தொழிற்சாலையை நடத்திய இஞ்சினியர் ஒல்மேதோவின் அறைக்குப் போனோம்.

"விசிறி வச்சா பொடி வீணாப் போகும், டெல்மிரா. உனக்குத் தெரியாதா?" என்றார் அவர், ரொம்ப நல்ல குரலில்.

"அப்போ பொடி எங்க போகணும்ங்கிறீங்க?"

மறுநாள் காலை கேட்டில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. இருபத்தோரு பேருக்கு வேலை இல்லை. என் பெயர் மூன்றாவது.

அன்று யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நூற்று நாற்பது பேர் உள்ளே இருந்தபடியே கதவுகளைச் சாத்தினோம். அதிகாரிகளை மரியாதையாக வெளியே அனுப்பினோம். ஒல்மேதோ தன் தொப்பியை மறந்துவிட்டுப் போனார், பெர்மின் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தான். திரும்பி உள்ளே வந்து, எங்களோடு நின்று, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டான்.

மத்தியானத்துக்குள் குதிரைப் போலீஸ் சுற்றி வளைத்தது. யாரும் உள்ளே போகக் கூடாது, ஒரு ரொட்டித் துண்டுகூடப் போகக் கூடாது என்று உத்தரவு. வெளியே போக நினைப்பவன் போகலாம், திரும்ப முடியாது. மாடுகளையும் முதல் மூன்று நாள் தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். முதல் நாள் கையிலிருந்த சாப்பாட்டைப் பங்கிட்டோம். இரண்டாம் நாள், தேநீர் மாதிரி நாங்கள் குடிக்கிற மாத்தே இலையைக் காய்ச்சிக் காய்ச்சிக் குடித்தோம், நிறம் போகும்வரை. மூன்றாம் நாள் பதினாறு பேர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்கள். யாரும் அவர்களைத் திட்டவில்லை. திட்டத் தெம்பில்லை. எனக்குக் காதில் ஒரு ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருந்தது. இன்னொரு நாள்தான் தாங்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

நான்காம் நாள் காலை உறைபனி. மதிலின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தேன். டோனா கிராசியானா பதினொரு மாடுகளோடு போலீஸ் வரிசைக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் குச்சி, மார்பில் செருகிய கோர்ட் காகிதம்.

"திரும்பிப் போம்மா. தெனமும் சொல்லணுமா? உள்ள யாரும் வரக் கூடாது," என்றார் அதிகாரி.

"நான் எங்க உள்ள வரேன்? கடந்து போறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல. லா பிளாத்தா ஜட்ஜு ரெண்டு வருஷம் யோசிச்சு ஒண்ணு இல்லன்னு எழுதியிருக்காரு. மூணு நாள் நீங்க மறிச்சீங்க, நேத்து ரயிலேறிப் போய் என் வக்கீலப் பாத்தேன். கோர்ட் உத்தரவ மறிச்ச ஆபீசர் பேரு என்னன்னு கேட்டாரு. எழுதிட்டு வரச் சொன்னாரு." காகிதத்தையும் ஒரு பென்சிலையும் நீட்டினாள். "உங்க பேரச் சொல்லுங்க ஐயா. எழுத்துப் பிழை இல்லாம எழுதணும்."

அதிகாரி காகிதத்தைப் படித்தார். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். அவளைச் சோதிக்கச் சொன்னார். குச்சியும் காகிதமும் பென்சிலும் தவிர ஒன்றும் இல்லை. பையில்லை, கூடையில்லை. "சரி, போ. ஒரு பொட்டலம் கை மாறினாலும் உள்ள தள்ளுவேன்," என்றார்.

பெர்மின் கதவைத் திறந்தான். மாடுகள் ஆவி பறக்க முற்றத்துக்குள் வந்தன. அப்போதுதான் பார்த்தேன், அவற்றின் நடை சரியில்லை. பின்னங்கால்களை அகட்டி அகட்டி வைத்தன. மடி வெடித்துவிடும்போல் இருந்தது. காம்பிலிருந்து பால் தானாகவே சொட்டிப் பனியில் புள்ளி புள்ளியாக விழுந்தது. அவள் அன்று காலை ஒரு மாட்டையும் கறக்கவில்லை.

கதவு மூடியதும் எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன வாயப் பொளந்துட்டு நிக்கிறீங்க? மாடு வலியில துடிக்குது. கறக்கத் தெரிஞ்சவ எவளும் இல்லையா இங்க? எல்லாரும் பொறந்ததே அடுப்புக் கம்பெனியிலயா?"

நான் இறங்கி ஓடினேன். பெர்மின் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டான். வடக்கிலிருந்து வந்த ஆட்கள், சூளைக்கு நிலத்தை விற்றவர்களின் பெண்கள், இருபது பேருக்கு மேல் குந்தினோம். பாத்திரத்துக்கா பஞ்சம்? கிடங்கில் எனாமல் பானைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன, ஒன்றில்கூட அதுவரை எதுவும் ஊற்றியதில்லை. நீலப் பானை, வெள்ளைப் பானை, சிவப்புப் பானை. என் கையால் பொடி தூவி உலையில் வைத்து எடுத்த பானையை முழங்காலுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு கறந்தேன். சின்ன வயதில் எங்கள் வீட்டு ஒற்றை மாட்டைக் கறந்த விரல், மறக்கவில்லை. ஆனாலும் டோனா பக்கத்தில் வந்து நின்று, "இழுக்காதடி, பிழி. உங்கப்பன் நெலத்தை வித்தப்போ கையையும் சேத்து வித்துட்டானா?" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

எங்கள் அடுப்பிலேயே பாலைக் காய்ச்சினோம். முதல் மடக்கு வயிற்றில் இறங்கியபோது என் காதின் ரீங்காரம் நின்றது.

சாயங்காலம் மாடுகள் திரும்பி வந்தபோது மறுபடியும் கறந்தோம். இரண்டு நாளில் போலீசுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கதவுக்கு வெளியிலேயே கறந்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்றார் அதிகாரி.

"தாராளமா. கறந்துக்குங்க," என்று அவள் ஒதுங்கி நின்றாள்.

அதிகாரி போலீஸ்காரர்களைப் பார்த்து யாருக்குக் கறக்கத் தெரியும் என்று கேட்டார். நகரத்துப் பையன் ஒருவன் பெருமையாகப் போய் உட்கார்ந்தான். மாடு அவனையும் வாளியையும் ஒரே உதையில் உருட்டியது. மதில் முழுக்கச் சிரிப்பு. வரிசையின் கடைசியில் நின்ற ஒருவனின் கைகளை நான் கவனித்தேன், தடித்த விரல்கள், மாட்டை எடை போடுகிற பார்வை. அவனுக்குத் தெரியும். அவன் தன் பூட்சையே பார்த்துக்கொண்டு நின்றான். மாடுகள் நிறைந்த மடியோடு உள்ளே வந்தன.

ஒன்பது நாள் அவள் வாடிக்கை வீடுகளுக்குப் பால் ஊற்றவில்லை. கேட்ட பெண்களிடம், "உன் பால் உன் புருஷன் வயித்துல இருக்கு, போ," என்றாளாம். அந்தப் பெண்களே பிறகு போலீஸ் வரிசைக்கு எதிரில் தினமும் வந்து நின்று, குதிரைகளுக்கு முன்னால் நகராமல் பாட்டுப் பாடினார்கள்.

பதின்மூன்றாம் நாள் கம்பெனி இறங்கி வந்தது. எனாமல் கொட்டகைக்கு விசிறி. இருபத்தோரு பேரில் பதினேழு பேருக்குத் திரும்ப வேலை. மற்ற நாலு பேரில் நான் ஒருத்தி. கதவைத் திறந்த குற்றத்துக்குப் பெர்மினுக்கும் சீட்டுக் கிழிந்தது. எர்சிலியா அந்த விசிறி சுற்றுவதைப் பார்க்கவில்லை, அக்டோபரில் இறந்துவிட்டாள்.

வசந்தத்தில் நகரசபையிலிருந்து டோனா கிராசியானாவுக்குக் காகிதம் வந்தது. சௌசால் இப்போது நகரம், நகரத்துக்குள் மாடு வளர்க்கக் கூடாது, முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். விசாரணை நாளன்று அவள் பதினொரு மாடுகளையும் நகரசபை வாசலுக்கே ஓட்டிப் போனாள். அன்று சங்கு ஊதியும் ஒருவர்கூடத் தொழிற்சாலைக்குள் போகவில்லை. நாங்கள் எல்லோரும் மாடுகளுக்குப் பின்னால் நடந்தோம், சாணியை மிதித்துக்கொண்டே. உத்தரவைத் தள்ளி வைத்தார்கள். வருஷா வருஷம் தள்ளி வைத்தார்கள். ஆறு வருஷம் கழித்து, முழங்கால் மடங்காமல் போன பிறகு, தானாகவே மாடுகளை விற்றாள்.

மேய்ச்சல் நிலத்தை விலைக்குத் தரச் சொல்லி ஒல்மேதோ நேரில் வந்து கேட்டார். அவள் உட்காரச் சொல்லவில்லை. அந்த நிலத்தை எழுபது மனைகளாகப் பிரித்து, வாடகைத் தகரக் கொட்டகைகளில் இருந்த எங்களுக்கு எழுதிக் கொடுத்தாள். தவணைக்கு. ஒருத்தருக்கும் இலவசமாகக் கொடுக்கவில்லை, கம்பெனிக்கு எந்த விலைக்கும் கொடுக்கவில்லை. பெர்மினுக்கு முதல் மனை. எனக்கு ஓடையோரம்.

வீடுகள் எழுந்தன. நகரசபை தெரு போடவில்லை, மின்சாரமும் தரவில்லை. இரண்டு வருஷம் மனு கொடுத்தோம். பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம், தொழிற்சாலையில் வயரிங் வேலை பார்த்தவர்களே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து, மதிலோரக் கம்பத்திலிருந்து எங்கள் பக்கம் கம்பியை இழுத்தார்கள். ஏணியின் அடியை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒல்மேதோ மதிலுக்கு மேல் தலையை நீட்டினார். நரைத்துப் போயிருந்தார்.

"டெல்மிரா! இதுக்கு யாரு அனுமதி குடுத்தா?"

"யாரும் குடுக்கல, இஞ்சினியர்," என்றேன். "நாங்க கேக்கவும் இல்ல."

அவர் இறங்கிப் போய்விட்டார். ஏணியின் மேலே இருந்தவன் இடுக்கி கேட்டான், எடுத்துக் கொடுத்தேன்.