ரோஜா போடுகிற கை

கேக் கடையில் அவனுக்குப் பூக்காரன் என்று பெயர். கிரீம் அடைத்த பையைப் பிதுக்கி, கேக் மேல் ரோஜா மலர்த்துவான். பிழைக்க வந்த ஊரில் அந்த விரல்கள்தான் அவனுக்குச் சொத்து, சுகம், செல்வாக்கு எல்லாம். அவை இப்போது மரத்துப்போகத் தொடங்கியிருந்தன. வலது தோளில் பிடிக்கிற வலி முழங்கை வழியாக இறங்கி, கட்டைவிரலில் வந்து குடித்தனம் நடத்தியது. ரோஜா முட்டைக்கோஸாக விரிந்தது. முதலாளி குனிந்து பார்த்தார். பெரிய கல்யாண கேக் ஒன்று வரப்போகிறது, அதற்குள் கை சரியாகாவிட்டால் தட்டு கழுவுகிற பக்கம் போய்விடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லித் தொலைத்தான். அன்றிலிருந்து கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியே நடந்தது. டாக்டர் மட்டும்தான் கிடையாது. அப்பாவுக்குத் தலையணை மேல் சந்தேகம். அக்கா, உடம்பில் சத்தில்லை என்றாள். அத்தான் எதையோ படித்துவிட்டு, இதயமாகக்கூட இருக்கலாம் என்று போகிற போக்கில் கொளுத்திப்போட்டார். அதன்பிறகு அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டேதான் தூங்கினான்.

தலைமை மருத்துவர், அப்பாவின் அக்கா. அத்தைக்கு உலகத்தில் ஒரே நோய்தான் தெரியும்: வாயு. கால் சுளுக்கினாலும் வாயு, பல் ஆடினாலும் வாயு. மருந்தும் ஒன்றுதான், பூண்டு. அவள் சாப்பிட்டுக் கால் நீட்டுகிற நேரம் இவனுக்கு வேலை மும்முரம், அப்போதுதான் கூப்பிடுவாள். வாயு எப்படித் தோளுக்கு ஏறியது, எந்தச் சந்து வழியாக விரலுக்கு இறங்கியது என்று பஸ் ரூட் மாதிரி விளக்குவாள். கேட்டுக்கொண்டே இவன் இதழ் இதழாகப் பிதுக்குவான்.

கடையில் மாவு பிசைகிறவர்தான் திட்டித் தள்ளி, ஒரு பிசியோதெரபி அம்மாவிடம் அனுப்பிவைத்தார். உட்கார்ந்ததும் உட்காராததுமாக, இதயமா வாயுவா என்று கேட்டான். அந்தம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேலை செய்கிற மாதிரியே செய்துகாட்டச் சொன்னார்.

இல்லாத பையைப் பிடித்தான். இல்லாத கேக்கைச் சுழற்றினான். தலை தானாக வலது தோளில் போய்ப் படுத்துக்கொண்டது.

"தோள்ல என்ன வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லையே."

"நடுநடுவுல 'ம்' கொட்டறீங்களே, யாருக்கு?"

அத்தைக்கு. இரண்டு கையும் வேலையில் இருக்க, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொள்வான். இடப்பக்கம் கிரீம் அடிக்கிற மிஷின் இரைவதால் எப்போதும் வலது காதுதான். அந்தம்மா அவன் கழுத்தை அதே பக்கம் சாய்த்து மெல்ல அழுத்தினார். கட்டைவிரலில் கரண்ட் அடித்தது. வலிக்கிறது கையில், கோளாறு கழுத்தில், நரம்பு அங்கேதான் நசுங்குகிறது என்றார். சில பயிற்சிகள் சொல்லிக்கொடுத்து, இனி போனைத் தோளில் வைப்பதாக இருந்தால் இங்கே வரவே வேண்டாம் என்றும் சொன்னார்.

இதயம் தப்பித்த சந்தோஷம் வாசல்வரைகூட நிற்கவில்லை. அத்தையிடம் யார் சொல்வது? விரல் மரத்திருந்ததால் போனிடமே வாயால் சொல்லி எழுதவைத்தான். அழித்து, குழைத்து, மறுபடி சொல்லி, குடும்பம் மொத்தமும் இருக்கிற குழுவில் போட்டான்.

அத்தை குரலாகவே அனுப்பினாள். "அப்ப நான் பேசறதுதான் உனக்கு நோயா? நல்லா இருப்பா."

அதோடு பேச்சு நின்றது. அத்தை பேசாவிட்டால் அப்பாவும் பேசக் கூடாது. வீட்டுச் சட்டம் அப்படி. பூக்காரன் தவித்துப்போனான். ஆனால் கழுத்து நிமிர்ந்தது. மெல்ல மெல்ல விரலுக்கு உயிர் வந்தது. கல்யாண கேக்கில் ரோஜா, ரோஜாவாகவே விரிந்தது. முதலாளி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தட்டு கழுவச் சொல்லாததுதான் பாராட்டு.

கை சரியான சேதி அக்கா வழியாகப் போனது. மறுநாளே, வேலை மும்முரத்தில், போன் அடித்தது. அத்தை. அவன் தலை பழக்கதோஷத்தில் சாயப் பார்த்தது. நிமிர்த்திக்கொண்டான். கடைசி இதழையும் போட்டுவிட்டு, கை கழுவி, பின்வாசல் படியில் உட்கார்ந்து கூப்பிட்டான்.

"எவ்வளவு நேரம் அடிக்கறது? கை சரியானதும் திமிரும் வந்துடுச்சா? சரி, பூண்டு கேட்டுதா இல்லையா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "கேட்டுது அத்தை. ஆனா வேலை நேரத்துல போன் பேசினா மறுபடி வாயு ஏறிடுமாம்."

அத்தை பெருமூச்சு விட்டாள். "இதைத்தானேடா நான் அப்பவே சொன்னேன்."