பன்னிரண்டாவது ஆள்

பன்னிரண்டாவது ஆளாக என் வீட்டுக்காரரை எழுதிக் கொடுத்தது நான்தான். யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, எனக்கு அந்தக் காசுகூடச் செலவாகவில்லை. ஆபீஸ் பேனா, ஆபீஸ் காகிதம்.

சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறை, அதுதான் எங்கள் மையம். வன்முறைப் பக்கமோ தீவிரவாதப் பக்கமோ சாயக்கூடிய ஆட்களை முன்கூட்டியே கண்டுபிடித்து, உட்கார வைத்துப் பேசி, வழிக்குக் கொண்டுவருவது எங்கள் வேலை. அரசாங்கம் மானியம் தருகிறது. முடிதிருத்துபவர்கள், ஆசிரியர்கள், மருந்துக் கடைக்காரர்கள் என்று அக்கம்பக்கத்தாரைக் கூட்டிவைத்து, மனிதர்களிடம் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று பாடம் எடுப்பவள் நான். நல்ல வேலைதான், கிண்டலுக்குச் சொல்லவில்லை. தன்னை வேலையை விட்டு அனுப்பிய குடோனைக் கொளுத்துவேன் என்று பெட்ரோல் கேனோடு திரிந்த ஒருவர், இப்போது செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்து எங்கள் ஆலோசகரோடு கேரம் ஆடுகிறார். அவர் தோற்கிற அன்று மட்டும் எங்களுக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும்.

மானியத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. வருஷத்துக்குப் பன்னிரண்டு பேரையாவது நாங்கள் பதிவு செய்ய வேண்டும். இந்த வருஷம் பதினொன்றில் நின்றுவிட்டது. ஊர் அமைதியாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டிய நாங்கள், ஆள் கிடைக்கவில்லையே என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தோம். எங்கள் இயக்குநரை ஃபைலம்மா என்போம். கக்கத்தில் ஃபைல் இல்லாமல் அவரைப் பார்த்தவர் இல்லை. அவர் என் மேஜைக்கு வந்து, பதினொன்று பன்னிரண்டு ஆகாவிட்டால் அடுத்த வருஷம் மையமே இருக்காது, கேரம் போர்டை நீயே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டுப் போனார்.

முன்பின் தெரியாத ஒருவரை எழுதினால் அந்தப் பாவம் நம்மைச் சும்மா விடாது. நம் வீட்டு ஆள் என்றால் நம்மோடு போகும் என்று நினைத்தேன். படிவத்தில் பெயர் கிடையாது. பிறந்த வருஷம், முகவரி, தொழில், அவ்வளவுதான். பத்துக் கேள்வியில் ஆறிலாவது நாங்கள் கவனிக்கச் சொல்லும் அறிகுறி தெரிய வேண்டும். எனக்குக் கதை கட்ட வராது, அதனால் வீட்டில் பார்த்ததையே எழுதினேன். மூன்று மாதமாக நண்பர்கள் கூப்பிட்டாலும் போவதில்லை. போன் வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். டிவியில் செய்தி ஓடினால் எரிச்சலோடு எழுந்துபோகிறார். கேட்டதற்குப் பதில் இல்லை, திரும்பக் கேட்டால் கத்துகிறார். அலமாரிக்கு மேல் ஒரு கறுப்புப் பையை வைத்துக்கொண்டு, அதைத் தொடக்கூடாது என்கிறார். எல்லாம் சேர்த்து ஏழு வந்தது. ஐம்பதைத் தாண்டினால் ஆம்பிளைகள் இப்படித்தான் என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

தொழில் என்ற இடத்தில், குடிநீர் நிலையம், பம்ப் ஆபரேட்டர் என்று எழுதினேன். உண்மை அதுதானே. ஊரே குடிக்கிற தண்ணீரும் அதில் கலக்கிற குளோரின் சிலிண்டர்களும் அவர் பொறுப்பில் இருப்பது அந்த நிமிஷம் என் புத்திக்கு எட்டவே இல்லை.

ஐந்து வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, மானியம் தரும் துறையிலிருந்து இரண்டு பேர் மையத்துக்கு வந்தார்கள். லேப்டாப்போடு ஒரு பெண் அதிகாரி, பேசாமல் குறிப்பெடுக்க ஒருவர். ஃபைலம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அதிகாரி மிகவும் மரியாதையாகப் பேசினார். அந்த மரியாதைதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

பன்னிரண்டாவது நபரின் முகவரியும் என் முகவரியும் ஒன்றாக இருக்கிறதே என்றார். ஆமாம், என் வீட்டுக்காரர்தான் என்றேன். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ என் கையைத் தொட்டு, பன்னிரண்டு பதிவிலும் தான் முழுசாக நம்புவது இதைத்தான், கட்டிய கணவரைப் பற்றி எழுத எவ்வளவு தைரியம் வேண்டும் என்றார். பிறகு நான் எழுதியதை வரிவரியாகப் படித்துக் காட்டினார். என் கையெழுத்தில் இருந்தபோது அது வீட்டு விஷயம். அவர் வாயில் வந்தபோது, அப்படி ஒரு ஆள் பக்கத்து வீட்டில் இருந்தால் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

எண்ணிக்கைக்காக எழுதினேன், அவர் ஒரு பாவமும் அறியாதவர் என்று சொல்லிவிட்டேன். குறிப்பெடுப்பவர் முதல் முறையாக நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்தார்.

"பயப்படாதீங்கம்மா," என்றார் அதிகாரி. "சொல்லிட்டு அப்புறம் இல்லைன்னு சொல்றது சகஜம். நீங்களே பாடத்துல சொல்றீங்களே."

சொல்கிறேன்தான். வீட்டார் முதலில் உண்மையைச் சொல்வார்கள், மறுநாள் பயந்துபோய் மறுப்பார்கள், நீங்கள் முதல் சொல்லையே நம்புங்கள் என்று இரண்டு வருஷமாக அழுத்தி அழுத்திச் சொல்லிக்கொடுத்தவள் நான். நல்ல பாடம். எனக்கே நடத்திவிட்டார்கள்.

நாளைக் காலை பத்து மணிக்குக் குடிநீர் நிலையத்தில் வைத்து அவரிடம் பேசுவார்களாம். அவர் சொல்லும் பதிலையும் சொல்லும் விதத்தையும் பார்த்து மேலே முடிவு செய்வார்களாம். அதுவரை வீட்டில் எதையும் காட்டிக்கொள்ளக் கூடாது, அந்தப் பைக்குப் பக்கத்தில் போகக் கூடாது. பயமாக இருந்தால் கூப்பிட ஒரு சீட்டில் நம்பர் கொடுத்தார்கள். எங்கள் மைய நம்பர். கூப்பிட்டால் என் மேஜையில்தான் மணி அடிக்கும்.

பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவருக்குக் காலை ஷிப்ட், வர இரண்டரை ஆகும். கூடத்தில் நின்றபடி அறைக்குள் அலமாரி மேல் இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்து நான்கு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட மனிதர், ஈ எறும்புக்குக் கெடுதல் நினைக்காதவர், இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் ஏழு. யாருடைய வீட்டிலாவது இந்த ஏழு இருந்தால் நான் என்ன சொல்லிக்கொடுப்பேன் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவருக்காகப் பயந்தேனா, அவரைக் கண்டு பயந்தேனா என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் செய்ய முடியாது.

நாற்காலி போட்டு ஏறிப் பையை இறக்கினேன். முதலில் காதை வைத்துக் கேட்டேன், டிக் டிக் என்று ஏதாவது வருகிறதா என்று. சினிமா பார்த்துக் கெட்ட புத்தி. ஜிப்பைத் திறந்தால் சின்னச் சின்னப் பட்டன் பேட்டரிகள், கம்பி போல ஒன்று. பையைக் கட்டிலில் வைத்துவிட்டு வாசல் வரை ஓடிவிட்டேன். செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. படிக்கட்டில் நின்று மூச்சு வாங்கி, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று திரும்பி வந்து மிச்சத்தையும் கொட்டினேன். தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. மடித்து வைத்த ஒரு காகிதம், காது ஆஸ்பத்திரியின் பெயர் அச்சிட்டது. இடது காது கிட்டத்தட்டப் போய்விட்டது, வலது பாதி என்று எழுதியிருந்தது. பெட்டிக்குள் காதுக் கருவி இருந்தது. கம்பி என்று நான் பயந்தது அதற்கான மாற்றுக் குழாய்.

அவர் வந்தபோது பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார்த்ததும், திருடும்போது கையைப் பிடித்துவிட்டதுபோல் சுவரோரம் சாய்ந்துவிட்டார். இருபத்து மூன்று வருஷ பம்ப் சத்தம் காதைத் தின்றுவிட்டதாம். குளோரின் கசிந்தால் அடிக்கும் மணி காதில் விழாத ஆளைப் பம்ப் அறையில் விடமாட்டார்கள். மகள் படிப்பு முடிய இரண்டு வருஷம் பாக்கி. அதனால் ஷிப்ட் முழுக்க, மணியோடு சேர்ந்து எரியும் சிவப்பு விளக்கை விட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்கிறாராம். போனை ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கிறது, அதற்குத்தான் கதவு. நாலு பேர் சேர்ந்து பேசினால் ஒன்றும் புரியவில்லை, அதற்குத்தான் நண்பர்கள் வேண்டாம். செய்தி வாசிப்பவர்கள் வேகமாக வாசிக்கிறார்கள்.

என் ஏழுக்கும் விடை கிடைத்துவிட்டது. இனி என் முறை.

தாழ்ந்த குரலில்தான் சொன்னேன். எங்கள் சுவர் மெல்லியது, அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் தெரியும். "என்ன?" என்றார். மறுபடி சொன்னேன். உதட்டைப் பார்த்தார், புரியவில்லை, தலையை ஆட்டினார். இப்படி ஒன்றை மூன்றாவது தடவை எந்தச் சத்தத்தில் சொல்வது? அவரே பெட்டியைத் திறந்து கருவியை எடுத்து, பழக்கமில்லாத விரலால் தடுமாறிக் காதில் மாட்டிக்கொண்டார்.

"இப்ப சொல்லு."

சொன்னேன். படிவம், ஏழு, நாளைக்குப் பத்து மணி, எல்லாம். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நாளைக்கு நானே அங்கே வந்து, நான் எழுதியது பொய் என்று சத்தியம் செய்கிறேன் என்றேன். புருஷனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்பார்கள் என்றார். அதைத்தான் காலையிலேயே சொல்லிவிட்டார்களே. கருவி இல்லாமல் போனால் அவர் கேள்வி புரியாமல் விழிப்பார், ஒன்று கேட்டால் இன்னொன்று சொல்வார், மழுப்புகிறார் என்று எழுதுவார்கள். கருவியோடு போனால் பம்ப் அறை வேலை அன்றோடு முடிந்தது.

"போட்டுக்கிட்டுத்தான் போகணும்," என்றார். "வேலைதானே போகும்."

நான் அழுதேன். "ஒண்ணு கேக்கறேன்," என்றார். "இன்னிக்கு ஒரு நிமிஷமாவது என்னை நம்பாம இருந்தியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கண் என் உதட்டில் இருந்தது, கருவி காதில் இருந்தது. "இருந்தேங்க," என்றேன். "படிக்கட்டு வரைக்கும் ஓடிட்டேன்."

தலையை மெதுவாக ஆட்டினார். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் மேஜை மேல் வைத்துக்கொண்டார். சட்டைப் பொத்தானைக்கூட மேலே வரை போட்டிருந்தார்.

"நாளைக்கு என்ன கேப்பாங்களோ அதை அவங்க மாதிரியே கேளு. இந்தக் கருவி இன்னும் பழகலை. தப்பாக் கேட்டு ஏதாவது சொல்லிட்டா வம்பு."

பத்துக் கேள்வியும் எனக்கு மனப்பாடம். எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். குரலைச் சரிசெய்துகொண்டு முதல் கேள்வியைக் கேட்டேன்: மனம்விட்டுப் பேச உங்களுக்கு வீட்டில் யாராவது இருக்கிறார்களா?

அவர் யோசித்தார்.

"இருந்தாங்க மேடம்," என்றார்.

நடிப்பா என்று முகத்தைப் பார்த்தேன். அடுத்த கேள்விக்காகக் காத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது கேள்வியைக் கேட்டேன்.