ஆளும் சாமானும் சேர்ந்து

பொக்கடெல்லோவில் முதல் பனி விழுவதற்குள் மார்வா பின்பக்கம் திறந்த பிக்கப் வண்டி ஒன்று வாங்கியாக வேண்டும். வாங்குவது பெரிய காரியம் இல்லை. ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பிக்கப்தான் நிற்கிறது. பெரிய காரியம் லாமார்.

லாமார் அவள் கணவனின் தம்பி. கணவன் டெல் போய்ச் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. ஓய்வுபெற்றதும் ஊர் சுற்றலாம் என்று டெல் வாங்கிய டிரெய்லர் வீடு, கட்டிலும் அடுப்பும் குளியலறையுமாகக் கொல்லையில் அப்படியே நின்றது. அதை இழுத்துக்கொண்டு அரிசோனா போவது, குளிர்காலம் முழுக்க அங்கேயே இருப்பது, அப்புறம் மனம் போன பக்கம் போவது என்று மார்வா முடிவு செய்திருந்தாள். தனியாகத்தான். அப்பா வீட்டிலிருந்து நேரே டெல் வீட்டுக்கு வந்தவள், நான்கு பிள்ளை பெற்றவள். அறுபத்து நான்கு வயதில் அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. பக்கத்து இருக்கையில் யாரும் உட்கார்ந்துகொண்டு “பிரேக் போடு, பிரேக் போடு” என்று சொல்லாமல் ஓர் ஆயிரம் மைல் ஓட்ட வேண்டும்.

அந்த ஆசையில் மண்ணைப் போட்டவர் லாமார். அதுவும் நல்ல மனசோடு போட்டார். அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் எல்லோரும் சீஸ் போட்ட உருளைக்கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தார். “நீ ஒண்ணும் கவலப்படாத மார்வா. டிரெய்லர விக்காத. நான் கூட வர்றேன். பொம்பள ஒத்தையா அந்த மலையில எல்லாம் இழுத்துட்டுப் போக முடியுமா?”

மார்வா தலையாட்டி வைத்தாள். வேறென்ன செய்வாள்? டெல்லை இரண்டு வருடம், வாரம் மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்த மனிதர். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. அப்படிப்பட்டவரிடம் “நீ வராதே” என்று எந்த வாயால் சொல்வது? அந்த ஊர்க்காரர்கள் யாருக்குமே அது வராது. வேண்டாத பதார்த்தத்தைக்கூட இரண்டாம் தடவை போட்டுக்கொண்டுதான் எழுந்திருப்பார்கள்.

லாமாரிடம் இருந்தது ஊர் எல்லை தாண்டாத ஓட்டை வண்டி. ஆனால் பிக்கப் விஷயத்தில் அவரை அசைக்க ஆள் கிடையாது. “எவ்ளோ இழுக்கும்னு விளம்பரத்துல போடுவான். அத நம்புறவன் முட்டாள்” என்பார். ஓட்டுநர் கதவைத் திறந்தால் நிலைப்பக்கம் ஒரு மஞ்சள் ஒட்டுச்சீட்டு இருக்கும். ஆளும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் அச்சடித்திருப்பார்கள். லாமாருக்கு வேதம் அதுதான். கனமான டிரெய்லரின் மூக்கு பிக்கப்பின் முதுகில் உட்காருகிறது. அந்த மூக்கின் பாரமும் சாமான் கணக்கில்தான் சேரும். இது பலருக்குத் தெரியாது. டிரெய்லர்கள் வந்து நிற்கும் முகாம் மைதானங்களில் லாமார் அடுத்தவன் கதவைத் திறந்து சீட்டைப் படிப்பார், கணக்குப் போடுவார், போய்ச் சொல்லிவிட்டும் வருவார். ஒரு தடவை ஒருவனிடம், “ஒண்ணு இரும்பு அடுப்ப எறக்கு, இல்ல மாமியார எறக்கு” என்றாராம். அந்த மாமியார் அங்கேயேதான் நின்றிருந்தாள்.

செப்டம்பரில் சிநேகிதன் ஒருவனின் வண்டியை இரவல் வாங்கி, டிரெய்லரை மாட்டி, தண்ணீர், பாத்திரம், போர்வை என்று எல்லாம் ஏற்றி, நெடுஞ்சாலை எடைமேடைக்குக் கொண்டுபோனார்கள். மூக்கின் பாரம் இரண்டாயிரத்து ஐந்நூற்று நாற்பது பவுண்டு வந்தது. மாட்டும் கொக்கி நூற்று அறுபது. ஆட்களையும் சேர்க்க வேண்டும் என்று லாமார் ஒற்றைக்காலில் நின்றதால் பக்கத்துத் தீவனக் கடைத் தராசிலும் ஏறினார்கள். மார்வா நூற்று முப்பத்தெட்டு. லாமார் இருநூற்று எண்பத்தேழு.

“பூட்ஸோட சேத்து” என்றார் லாமார்.

“பூட்ஸ் எவ்ளோ இருக்கும்?”

“அது கெடக்குது எழுது.”

எழுதினாள். அன்று இரவே லாமாருக்கு வண்டி முடிவாகிவிட்டது. பின்னால் நான்கு சக்கரம் வைத்த பெரிய ஆறு சக்கர பிக்கப். அதன் சீட்டில் ஐயாயிரத்துச் சொச்சம். “இதுல உன்னையும் என்னையும் ஏத்தி, இன்னொரு கல்யாண வீட்டையே ஏத்தலாம்” என்று குஷியாகச் சொன்னார். மார்வா ஒரு வாரம் அவகாசம் கேட்டாள். நிறம் பிடிக்கவில்லை என்றாள்.

அந்த ஒரு வாரமும் தினம் காலையில் கிளம்பி, விற்பனை மைதானம் மைதானமாகத் திரிந்தாள். விற்கிறவன் வந்து இருக்கையின் தோலைத் தடவிக் காட்டுவான். இவள் கதவைத் திறந்து சீட்டைப் படித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவாள். ஒரே கம்பெனி, ஒரே வருஷம், ஒரே இன்ஜின். ஆனாலும் கூரையில் கண்ணாடி வைத்தால் ஓர் எண், படிக்கட்டு வைத்தால் ஓர் எண். வெள்ளியன்று ஓர் அருமையான சாம்பல் வண்டி அகப்பட்டது. மூவாயிரத்து இருநூறு. லாமாரையும் சேர்த்துக் கூட்டினால் கொஞ்சம்தான் மிஞ்சும். அதைக் காட்டினால், “ரெண்டு சட்டிய எறக்கு, நான் ஏறிக்கிறேன்” என்பார். மனமில்லாமல் கதவைச் சாத்தினாள். சனிக்கிழமை காலை மலைப்பாதை ஓரத்து மைதானத்தில் ஒரு வெள்ளை வண்டி நின்றது. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்று. கையிலிருந்த தாளில் இரண்டு தடவை கழித்துப் பார்த்தாள். சுலபமாக இழுக்கும், தேவையானதைச் சுமக்கும், அவளையும் ஏற்றிக்கொள்ளும். அவ்வளவுதான்.

லாமாருக்கு ஃபோன் போட்டாள். அரைமணியில் வந்து இறங்கினார். டிரென்ட் என்ற விற்பனைக்காரன் பல்லைக் காட்டிக்கொண்டு முன்னால் வந்தான். லாமார் அவனை விலக்கிவிட்டு நேரே கதவைத் திறந்தார், குனிந்தார், படித்தார். உதடுகள் அசைந்தன. மூக்கைக் கழித்தார், கொக்கியைக் கழித்தார், மார்வாவைக் கழித்தார்.

“கருவிப்பெட்டி எவ்ளோ?”

“அறுபது.”

நிமிர்ந்தார். “மிச்சம் அறுபத்தஞ்சு” என்றார். “ஏழு வயசுல நான் அவ்ளோ இருந்தேன்.”

மார்வாவுக்கு முகம் கொதித்தது. தரையைப் பார்த்தாள்.

“யார் பொறுக்குனது இத?”

“நான்தான்.”

“ஒரு வாரமாவா?”

“ஒரு வாரமா.”

டிரென்டுக்கு வியாபாரம் கைநழுவுகிறதோ என்று பயம் வந்துவிட்டது. “சார், அதெல்லாம் சும்மா ஒரு பேச்சுக்குப் போடுறது சார். எவனும் நிறுத்திப் பாக்க மாட்டான். பின்னாடி ஸ்பிரிங்குக்குப் பக்கத்துல ரெண்டு காத்துப் பை வச்சுட்டா வண்டி கும்முனு நிக்கும். நீங்க தாராளமா ஏறி உக்காருங்க. எல்லாரும் அப்படித்தான் சார் போறாங்க.”

இதை மார்வா நினைத்தே பார்க்கவில்லை. ஆமாம், எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். லாமார் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் பக்கத்து இருக்கையில் ஏறிவிடுவார். ஏறினால் இறக்க முடியாது.

லாமார் அந்த இருக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டிரென்ட் பக்கம் திரும்பினார். “தம்பி, போற வழியில யூட்டா மலை எறக்கத்துல இவ பிரேக்க மிதிக்கிறப்ப நீ வந்து பின்னால புடிச்சுக்குவியா? காத்துப் பை வச்சா சீட்டுல நம்பர் மாறுமா? வாயில என்ன வருதோ அதப் பேசுறதா? போய் காகிதத்த எடுத்துட்டு வா.”

டிரென்ட் ஓடினான். இருவரும் வண்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றார்கள்.

“வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல மார்வா” என்றார் லாமார். குரலில் கோபம் இல்லை. இருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

“சொன்னா கேட்டிருப்பியா?”

லாமார் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். “கேட்டிருக்க மாட்டேன்” என்றார். “வீட்ட வேற பெருக்கி மூடி வச்சுட்டேன். மார்ச் வரைக்கும் தபால் போட வேணாம்னு சொல்லிட்டேன்.”

“லாமார்…”

“போட்டுத் தொலைங்கடான்னு மறுபடி சொன்னா போடப் போறான். அதுல என்ன.”

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது. அதோடு வயிற்றுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது, மறைக்க முடியாத அளவுக்கு. மூன்றில் எதையும் அவரிடம் சொல்லவில்லை.

டிரென்ட் தாள்களைக் கொண்டுவந்து இன்ஜின் மூடியின் மேல் பரப்பினான். பேர், விலாசம், வயசு. மார்வா ஒவ்வொன்றாகச் சொன்னாள். காப்பீட்டுத் தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.

“மேடம், வண்டிய வேற யாராச்சும் ஓட்டுவாங்களா?” அவன் கண் தன்னையறியாமல் லாமார் பக்கம் போயிற்று.

லாமார் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல” என்றாள் மார்வா. அந்த ஒரு வார்த்தைக்கு அத்தனை சத்தம் தேவையே இல்லை. மைதானத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“கேட்டுச்சுல்ல” என்றார் லாமார் டிரென்டிடம். “எழுதிக்க.”