வெறுங்கையால் ஒரு கொக்கி

வெறுங்கை ஒன்று சங்கிலியின் கொக்கியைப் பிடித்திருக்கிறது, ட்ரக்கின் பின்சில்லுக்கு உட்புறம், விரல் மட்டுமே நுழையக்கூடிய அந்த இடுக்கில், அது என்னுடைய கைதான், நகத்துக்குள் கிரீஸ் இருக்கிறது, முழங்காலின் கீழே பனி நொறுங்குகிறது, டிக் என்று கொக்கி விழுகிறது, பாத்தீரே, ஒரு நிமிசம்கூட இல்லை என்று நான் நிமிர்ந்து சிரிக்கிறேன், கனவில் அந்தச் சிரிப்பு வரைக்கும் எல்லாம் நடந்தபடியேதான் வருகிறது, பிறகு கையை இழுக்கிறேன், வருவதில்லை, இரும்பு தோலைப் பிடித்துவிட்டது, இழுக்க இழுக்க அது குகநேசனின் கையாக மாறிவிடுகிறது, திடுக்கிட்டு எழுந்திருந்து என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறேன், பத்தும் இருக்கின்றன, இருக்கின்றனவே என்று வெட்கமாக இருக்கிறது.

கல்கரிக்கு வெளியே, மலைக்கு ஏறுகிற பெருந்தெருவின் ஓரத்தில் எங்கள் கொம்பனியின் முற்றம், ஒக்டோபர் பிறந்தால் அங்கே என் ராச்சியம்தான், நாற்பது ட்ரக்குகளையும் அவற்றின் சாரதிகளையும் பனிக்காலத்துக்குத் தயார்ப்படுத்துவது என் வேலை, ட்ரக் லேசு, அது எதிர்த்துப் பேசாது, பற்றரியைச் சோதித்து, காற்றுத் தாங்கியில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிட்டு, டீசல் தயிர் மாதிரி உறையாமல் இருக்க மருந்து விட்டால் முடிந்தது, சாரதியைத்தான் பாடமெடுத்துத் தயார்ப்படுத்த வேண்டும், வழுக்குகிற மலையில் சில்லுக்குச் சங்கிலி பூட்டாமல் ஏற விடமாட்டார்கள், அதைப் பூட்டக் காட்டிக்கொடுக்கிறவன் நான், நானோ பெரிய வாய்க்காரன், நாலு பேர் பார்த்துக்கொண்டு நின்றால் எனக்குத் தலைகால் தெரியாது, அதிலும் பார்க்கிறவன் ஒரு தமிழனாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

குகநேசன் எங்கள் முற்றத்துக்கு வந்தது மூன்று வருடங்களுக்கு முன், வவுனியாவில் நெல் லொறி ஓடினவன், என்னைவிடப் பத்து வயது இளையவன், இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம் கோழித் தொழிற்சாலையில் நின்றுவிட்டு ட்ரக் லைசென்ஸ் எடுத்தவன், முற்றத்தில் என்னைத் தவிர வேறு தமிழன் இல்லை, அன்றைக்கு நல்ல வெயில், பனி சும்மா பேருக்குக் கிடந்தது, நான் எல்லோருக்கும் ஆங்கிலத்தில் கொம்பனியின் பாதுகாப்புப் புத்தகத்தை வாசித்தேன், கையுறையை ஒருபோதும் கழற்றக்கூடாது என்று இரண்டு தரம் சொன்னேன், மற்றவர்கள் கோப்பிக்குப் போனபிறகு அவனைத் தனியே கூப்பிட்டேன், இஞ்சை பாரும், உந்தப் புத்தகம் எழுதினவன் சங்கிலி பூட்டினவன் இல்லை, கிளவுஸோடை இந்தக் கொக்கி சீவியத்திலை மாட்டாது, கழட்டிப்போட்டுக் கெதியா மாட்டிப்போட்டுத் திருப்பிப் போடும், அவ்வளவுதான் என்று நானே வெறுங்கையால் மாட்டிக் காட்டினேன், அவன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான், எனக்கு உச்சி குளிர்ந்தது, நான் அந்த மலையில் ஒரு நாளும் சங்கிலி பூட்டியதில்லை, முற்றத்தை விட்டே போனதில்லை, அதை அவனுக்குச் சொல்லவில்லை.

அந்தத் தை மாதம் மலையில் பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தொரு பாகை, சங்கிலி பூட்டுகிற ஒதுக்கிடத்தில் அவனுடைய ட்ரக் நிற்கிறது, நான் அங்கே இல்லை, ஆனால் நிற்கிறேன், இத்தனை நாளாக அவனுக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன், அவன் கையுறையைக் கழற்றிப் பையில் வைக்கிறான், ஒரு நிமிச வேலைதானே, கொக்கி இறுகிக் கிடக்கிறது, ஒரு நிமிடம் பத்தாகிறது, பத்து நாற்பதாகிறது, விரல் முதலில் எரிந்ததாம், பிறகு வெள்ளையாகி நோவு விட்டுப்போயிற்றாம், நோவு விட்டதும் இனிப் பயமில்லை என்று நினைத்தானாம், ஆசுப்பத்திரியில் வலக்கையின் சின்ன விரலையும் மோதிர விரலையும் முழுதாக எடுத்தார்கள்.

கட்டுப் போட்ட கையோடு அவன் மனேஜர் கிரெக்கின் மேசைக்கு முன்னால் இருக்கிறான், பக்கத்தில் நான், அவனுக்கு ஆங்கிலம் காணாது என்று கிரெக் என்னைத்தான் மொழிபெயர்க்கக் கூப்பிட்டிருந்தார், வேறு யார் இருக்கிறார்கள், ஏன் கையுறையைக் கழற்றினாய் என்று கேள், நான் கேட்டேன், குகநேசன் என்னைப் பார்த்துச் சொன்னான், நீங்கள் காட்டித்தந்தபடிதான் செய்தனான் அண்ணை, அதை நான் ஆங்கிலமாக்கினேன், கையுறை போடச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அவசரத்தில் நானாகக் கழற்றிவிட்டேன் என்கிறான், கிரெக் எழுதினார், பேனை காகிதத்தில் ஓடுகிற சத்தம் இப்போதும் கேட்கிறது, சொல்லிக்கொடுத்ததைக் கேளாதவன், இனி ட்ரக் கொடுக்கக்கூடாது, குகநேசன் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தான், பிறகு மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை இடக்கையால் திறக்கப் பார்த்தான், முடியவில்லை, நான் வாங்கித் திறந்து கொடுத்தேன், தாங்ஸ் அண்ணை என்றான்.

அவனை ஸ்டோர் அறைக்கு அனுப்பினார்கள், மலைக்குப் போகிற ஒவ்வொரு ட்ரக்குக்கும் ஒரு பெட்டி கட்டுவது அவனுடைய வேலையாயிற்று, போர்வை, மெழுகுதிரி, டோர்ச், பிஸ்கட், இரண்டு சோடி கையுறை என்று பட்டியல் சொல்லும், அவன் மூன்று சோடி வைப்பான், என் மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீட்டுக்கும் வந்தான், இடக்கையால் மட்டும் கொடுக்கக் கூச்சப்பட்டுப் பரிசை இரண்டு கையாலும் சேர்த்து நீட்டினான், நான் அந்தக் கையைப் பார்க்காமல் வாங்கினேன், சாப்பிட்டிட்டுப் போம், சாப்பிட்டிட்டுப் போம் என்று தேவையில்லாமல் பத்துத் தரம் சொன்னேன், நானும் ஒரு மனிசன்.

இந்த ஒக்டோபரில் பெட்டிகளைப் பார்க்க ஸ்டோருக்குப் போனேன், டொக்டர் ட்ரக் ஓடலாம் எண்டு எழுதித் தந்திட்டார் அண்ணை, கிரெக்தான் அந்தப் பழைய பைலைக் காட்டி மாட்டன் எண்டுறார் என்றான் குகநேசன், நான் மெல்லமாக் கதைச்சுப் பாக்கிறன், உமக்கும் இங்கிலீஷ் கரைச்சல்தானே என்று இழுத்தேன், அவன் பெட்டியின் மூடியை அமர்த்தி மூடினான், எனக்குக் கதைக்கத்தான் வராது அண்ணை, கேட்டால் விளங்கும், கோழி ஃபக்டரியிலை ரெண்டு வருசமா அதைத்தானே கேட்டனான், அண்டைக்கும் விளங்கினது. நின்ற நிலையிலேயே நான் கூனிக் குறுகிப் போனேன், பிறகேன் நீர் அப்ப ஒண்டும் சொல்லேல்லை என்று கேட்டேன், கேட்டதற்காக என் நாக்கைப் பிடுங்க வேண்டும், அவனுக்குக் கோபம்கூட வரவில்லை, நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான், இண்டைக்குச் சொல்லுவார், நாளைக்குச் சொல்லுவார் எண்டு மூண்டு வருசமாப் போச்சு.

மறுநாள் காலை முற்றத்தில் பாடம், புதுச் சாரதிகள் பதினொரு பேர், பின்னால் கோப்பிக் கோப்பையோடு கிரெக், நான் புத்தகத்தைத் திறக்கிறேன், ஸ்டோரிலிருந்து குகநேசன் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறான், ஒருவரையும் கேட்காமல் சில்லுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருக்கிறான், வலக்கைக் கையுறையில் இரண்டு விரல்கள் வெறுமையாகத் தொங்குகின்றன, கொக்கி ஒரு தரம் நழுவுகிறது, இன்னொரு தரம் நழுவுகிறது, மூன்றாந்தரம் டிக் என்று விழுகிறது, கையுறையோடு, மூன்று விரலோடு, சீவியத்தில் மாட்டாது என்று நான் சொன்ன அதே கொக்கி. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான், இனி நீங்கள் சொல்லுங்கோ அண்ணை.

நான் புத்தகத்தை மூடினேன், கையுறையைக் கழற்றச் சொன்னது நான், இவன் நான் காட்டியபடிதான் செய்தான், கிரெக், அன்றைக்கு உங்கள் அறையிலும் இவன் அதைத்தான் சொன்னான், நான்தான் மாற்றிச் சொன்னேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னேன், கிரெக் கோப்பையை ட்ரக்கின் படியில் வைத்துவிட்டு என்ன சொன்னாய் என்றார், திரும்பவும் சொன்னேன், இந்த முறை ஒரு சொல்லும் பிசகவில்லை, கிரெக் குகநேசனைப் பார்த்து இது உண்மையா என்று கேட்டார், கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பவில்லை, யெஸ் என்று குகநேசன் தானே சொன்னான்.

பிறகு அவன் சோடியில் மற்றச் சங்கிலியை என்னிடம் நீட்டினான், மற்றச் சில்லை நீங்கள் பூட்டுங்கோ, கிளவுஸைப் போட்டுக்கொண்டு, நான் முழங்காலில் இருந்தேன், பனி நொறுங்கியது, கையுறைக்குள் தடித்த என் விரல்கள் அந்த இடுக்கில் கொக்கியைத் தேடின, பத்து விரலும் இருந்தும் ஏழு நிமிடம் எடுத்தது, எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள், டிக் என்றது, நான் நிமிரவில்லை.